இரசாயனச் சமன்பாடு: பொருளின் வரவுசெலவுக் கணக்கு

இரசாயனம் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் அஞ்சுவது சமன்பாடுகளுக்கே எனலாம். அம்புக்குறியின் இருமருங்கும் எழுத்துக்களும் எண்களுமாய் நிற்கும் அவ்வரிகள் பரீட்சைக்காக மனனஞ் செய்யப்படுகின்றன. பரீட்சை முடிந்ததும் மறக்கப்படுகின்றன. இரசாயனத்தை மேலும் தொடராதோர், அவை தமக்கு உரியனவல்ல என்று ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு நிலைகளுக்கும் காரணம் ஒன்றே. சமன்பாடு என்பது இயற்கை பற்றிய ஒரு கூற்று, அக்கூற்றைச் சரிபார்க்கலாம், அது கூறாது விடுவன எவை என்றும் வினவலாம். இவ்வுண்மை எமது கல்வியில் போதிய இடம் பெறவில்லை.

இரசாயனச் சமன்பாடு யாது, அதனைச் சமப்படுத்துவது எவ்வாறு, தாக்கங்கள் எவ்வெவ்வகையாகப் பிரிக்கப்படுகின்றன என்பவற்றை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சமன்பாடுகளைக் குறியீடுகளால் எழுதுவதே உலக வழக்கு. மூலகங்களின் இலத்தீன் பெயர்களின் முதலெழுத்துக்களைக் குறியீடுகளாகக் கொள்ளும் முறையைச் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் பேர்சீலியசு 1813 - 1814 ஆம் ஆண்டுகளில் முன்வைத்தார். அக்குறியீடுகள் சுருக்கமானவை; பயன் மிக்கவை. எனினும் குறியீட்டின் பின்னேயுள்ள பொருள் மறைந்துவிடாதிருக்கும் பொருட்டு, சமன்பாடுகளை ஈண்டு நாம் சொற்களாலேயே எழுதுகின்றோம்.

1. கணக்கின் தோற்றம்

விறகு எரிந்தால் சிறிதளவு சாம்பலே எஞ்சுகின்றது. இரும்பு துருப்பிடித்தால் நிறை கூடுகின்றது. புறத்தோற்றத்தில் ஒன்றில் பொருள் அழிகின்றது. மற்றொன்றில் பொருள் பிறக்கின்றது. இம்மயக்கத்தைத் தீர்த்த பெருமை பெரிதும் பிரெஞ்சு விஞ்ஞானி லவோசியருக்கு உரியது. மூடிய கலங்களுள் தாக்கங்களை நிகழ்த்தி, வாயுக்கள் உட்பட யாவற்றையும் நிறுத்துப் பார்த்த அவர், தாக்கத்துக்கு முன்னுள்ள மொத்தத் திணிவும் பின்னுள்ள மொத்தத் திணிவும் சமம் எனக் கண்டார். விறகு அழிவதில்லை, அதன் பெரும்பகுதி காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் வளியிற் கலக்கின்றது. துரு புதிதாகப் பிறப்பதில்லை. வளியிலுள்ள ஒட்சிசன் இரும்போடு சேர்கின்றது.

1789 இல் வெளியிட்ட தமது இரசாயன நூலில், திராட்சைச் சாறு நொதித்து மதுவாகும் நிகழ்ச்சியை லவோசியர் ஆராய்ந்தார். ஒரு பக்கத்தில் சாற்றையும் மறுபக்கத்தில் அதிலிருந்து விளையும் மதுசாரத்தையும் வாயுவையும் நிறுத்தி, அவற்றை ஒரு கணிதச் சமன்பாடு போன்றே கருதலாம் என்றார். இரசாயனச் சமன்பாடு என்ற கருத்தின் தெளிவான தொடக்கங்களுள் இஃது ஒன்றாகும். இதே லவோசியர், பிரெஞ்சு அரசின் வரிகளைக் குத்தகைக்கு எடுத்து அறவிட்ட நிறுவனத்தில் பங்காளியாகவும் இருந்தார். அதன் காரணமாகவே புரட்சிக் காலத்தில், 1794 மே மாதம் 8 ஆம் திகதி, அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. பொருளின் கணக்கைத் தவறாது எழுதிய ஒருவர், மக்களைச் சுரண்டிய ஒரு கணக்கிலும் பங்குகொண்டிருந்தார் என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

திணிவு ஏன் மாறுவதில்லை என்பதற்கு விடை தந்தது அணுக் கொள்கை. மூலகங்கள் அணுக்களால் ஆனவை. இரசாயனத் தாக்கத்தில் அணுக்கள் தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை. அவற்றின் சேர்க்கை முறையே மாறுகின்றது என்ற கருத்தை டோல்ற்றன் 1808 இல் வெளியிடத் தொடங்கிய நூலில் விரித்துரைத்தார். ஆயினும் நீரின் மூலக்கூறில் ஓர் ஐதரசன் அணுவும் ஓர் ஒட்சிசன் அணுவுமே உள்ளன என்று அவர் கருதினார். அவகாதரோ 1811 இல் முன்வைத்த கருத்தைக் கனிசாரோ 1860 அளவில் தெளிவுற நிலைநாட்டிய பின்னரே, சூத்திரங்கள் பற்றிய நெடுங்காலக் குழப்பம் நீங்கியது. இன்று பாடசாலைப் பிள்ளை ஐயமின்றி எழுதும் நீரின் சூத்திரம், அரை நூற்றாண்டு கால விவாதத்தின் விளைவாகும்.

2. சமப்படுத்தல்

தாக்கத்தில் ஈடுபடும் பொருட்கள் தாக்கிகள். தாக்கத்தினால் உண்டாவன விளைவுகள். தாக்கிகளை இடப்புறத்தும் விளைவுகளை வலப்புறத்தும் எழுதி, இடையே அம்புக்குறி இடுகின்றோம். ஐதரசன் எரிந்து நீராவதை முதலில் இவ்வாறு எழுதலாம்:

ஐதரசன் + ஒட்சிசன் → நீர்

இது நிகழ்ச்சியை மட்டும் கூறுகின்றது, கணக்கைக் கூறவில்லை. ஐதரசன் மூலக்கூறில் 2 அணுக்களும், ஒட்சிசன் மூலக்கூறில் 2 அணுக்களும் உள்ளன. நீரின் மூலக்கூறில் 2 ஐதரசன் அணுக்களும் 1 ஒட்சிசன் அணுவும் உள்ளன. மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் கொண்டால், இடப்புறத்திலுள்ள 2 ஒட்சிசன் அணுக்களுள் ஒன்று வலப்புறத்தில் காணாமற்போகின்றது. இந்த இடத்திலேதான் மாணவர் பலர் தவறுகின்றனர். நீரின் சூத்திரத்துள் இன்னோர் ஒட்சிசன் அணுவை எழுதிவிட்டால் எண்ணிக்கை சரியாகும். ஆனால் அப்பொருள் நீராக இராது. ஐதரசன் பேரொட்சைட்டு ஆகிவிடும். சூத்திரம் இயற்கை வகுத்தது; அதனை மாற்றும் உரிமை எமக்கில்லை. எத்தனை மூலக்கூறுகள் என்ற குணகத்தை மட்டுமே நாம் மாற்றலாம். ஆகவே:

2 ஐதரசன் + 1 ஒட்சிசன் → 2 நீர்

இப்பொழுது இருபுறத்தும் 4 ஐதரசன் அணுக்களும் 2 ஒட்சிசன் அணுக்களும் உள்ளன. இதுவே சமப்படுத்திய சமன்பாடு. அணுத்திணிவுகளை இட்டுப் பார்த்தால், 4 கிராம் ஐதரசனும் 32 கிராம் ஒட்சிசனும் சேர்ந்து 36 கிராம் நீராகும் என்பது பெறப்படும். மூலக்கூறுகளின் எண்ணிக்கை 3 இலிருந்து 2 ஆகக் குறைந்தது. அணுக்களின் எண்ணிக்கையும் திணிவும் மாறவில்லை. சமப்படுவது எது என்பதை இது தெளிவாகக் காட்டுகின்றது.

3. சுண்ணாம்பின் சுற்று: சேர்க்கையும் பிரிகையும்

தாக்கங்களின் வகைகளை விளக்குவதற்குச் சுண்ணாம்பை விட நல்ல எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மீதே அமைந்தது. அக்கல்லின் பிரதான பொருள் கல்சியம் காபனேற்று. அதனைச் சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுடும்போது நிகழ்வது பிரிகைத் தாக்கம்:

கல்சியம் காபனேற்று → கல்சியம் ஒட்சைட்டு + காபனீரொட்சைட்டு

ஒரு சேர்வை இரண்டு பொருட்களாகப் பிரிகின்றது. 100 கிராம் தூய கல் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பாகவும் 44 கிராம் காபனீரொட்சைட்டாகவும் மாறும். சூளையில் ஏற்றிய கல்லின் நிறையில் பாதிக்குச் சற்று மேலேயே திரும்பக் கிடைக்கும் என்பதைச் சூளைத் தொழிலாளர் சமன்பாடு அறியாமலே அறிந்திருந்தனர். எஞ்சியது எங்கே என்ற கேள்விக்கே சமன்பாடு விடை தருகின்றது.

சுட்ட சுண்ணாம்பின் மீது நீர் ஊற்றினால் அது வெடித்துப் பொங்கி, கைவைக்க இயலாதவாறு சூடேறி நீறுகின்றது. இது சேர்க்கைத் தாக்கம். வெப்பத்தை வெளியிடுவதால் புறவெப்பத் தாக்கமுமாகும்:

கல்சியம் ஒட்சைட்டு + நீர் → கல்சியம் ஐதரொட்சைட்டு

56 கிராம் சுண்ணாம்பு 18 கிராம் நீரோடு சேர்ந்து 74 கிராம் நீறிய சுண்ணாம்பாகின்றது. இதனைச் சுவரிற் பூசினால், வளியிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாக இறுகுகின்றது:

கல்சியம் ஐதரொட்சைட்டு + காபனீரொட்சைட்டு → கல்சியம் காபனேற்று + நீர்

74 கிராமும் 44 கிராமும் சேர்ந்து 118 கிராம். வலப்புறத்தில் 100 கிராம் கல்லும் 18 கிராம் நீரும். சூளையிற் புறப்பட்ட 44 கிராம் வாயுவும், நீற்றியபோது சேர்ந்த 18 கிராம் நீரும் கணக்கிற் சரியாகத் திரும்பிவிட்டன. தெளிந்த சுண்ணாம்பு நீரினுள் மூச்சை ஊதினால் அது பால்போலாவதும் இத்தாக்கத்தினாலேயே. பனையிற் கட்டும் முட்டியின் உட்புறத்தில் இதே சுண்ணாம்பைப் பூசிவைத்தால், அதன் காரத்தன்மை மதுவத்தின் செயலைத் தடுக்கின்றது. பாளைச்சாறு கள்ளாகாது கருப்பநீராக நிற்கின்றது.

இச்சுற்றுக்கு இன்னொரு கிளையும் உண்டு. மண்ணினூடு இறங்கும் மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு சுண்ணாம்புக் கல்லை அடைகின்றது:

கல்சியம் காபனேற்று + நீர் + காபனீரொட்சைட்டு ⇌ கல்சியம் இருகாபனேற்று

இவ்வாறு கல் கரைந்த கரைவினால் உண்டானவையே குடாநாட்டின் நிலக்கீழ்க் குகைகளும் நிலாவரை போன்ற ஆழ்ந்த நீர்நிலைகளும். நீரைக் கொதிக்கவைக்கும்போது இத்தாக்கம் எதிர்த்திசையில் நிகழ்ந்து, கேத்தலின் உட்புறத்தில் வெண்படையாகக் கல் படிகின்றது. இருதிசையிலும் நிகழக்கூடிய இத்தகைய தாக்கத்தை மீளும் தாக்கம் என்கின்றோம். இரட்டை அம்புக்குறி அதனைக் குறிக்கும்.

காங்கேசன்துறையில் 1950 இல் உற்பத்தி தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, 1990 இல் போரினால் மூடப்படும் வரை, மேற்கூறிய முதலாவது சமன்பாட்டின் மீதே இயங்கியது. சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசில் சுடப்பட்டே சீமெந்துக் கட்டிகள் உண்டாகின்றன. உலகச் சீமெந்து உற்பத்தியினால் வெளியேறும் காபனீரொட்சைட்டில் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளிலிருந்து அன்றிக் கல்லிலிருந்தே வருகின்றது. ஆதலின் எரிபொருளை மாற்றுவதால் மட்டும் அத்தொழிலை மாசற்றதாக்க இயலாது. அந்த 44 கிராமைச் சமன்பாட்டிலிருந்து அழிக்க எவராலும் முடியாது.

4. இடப்பெயர்ச்சி

நீலநிறச் செப்புச் சல்பேற்றுக் கரைசலில் நாகத் தகடொன்றை இட்டால், நீலம் மங்கி, தகட்டின்மீது செந்நிறச் செம்பு படிகின்றது:

நாகம் + செப்புச் சல்பேற்று → நாகச் சல்பேற்று + செம்பு

ஒரு மூலகம் சேர்வையிலிருந்து இன்னொரு மூலகத்தை வெளியேற்றி அதன் இடத்தைப் பெறுவதால் இஃது இடப்பெயர்ச்சித் தாக்கம். தாக்குதிறன் கூடிய உலோகமே குறைந்ததை வெளியேற்றும். நாகச் சல்பேற்றுக் கரைசலில் செம்பை இட்டால் ஒன்றும் நிகழாது. அச்சமன்பாட்டைத் தாளிற் பிழையின்றி எழுதலாம், அணுக்களும் சமப்படும், ஆனால் தாக்கம் நிகழாது. சமப்பட்டிருத்தல் உண்மைக்கு இன்றியமையாத நிபந்தனை, போதிய நிபந்தனையன்று.

இரண்டு சேர்வைகள் தம் கூறுகளைப் பரிமாறிக் கொள்வது இரட்டை இடப்பெயர்ச்சி. வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை உப்புநீரிற் சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவு உண்டாகின்றது:

வெள்ளி நைத்திரேற்று + சோடியம் குளோரைட்டு → வெள்ளிக் குளோரைட்டு + சோடியம் நைத்திரேற்று

கரைசலில் நான்கு அயன்கள் தனித்தனியே உலவுகின்றன. வெள்ளி அயனும் குளோரைட்டு அயனும் சந்திக்கும்போது கரையாப் பொருள் தோன்றி வெளியேறுகின்றது. கிணற்றுநீரில் உவர் எவ்வளவு ஏறியுள்ளது என்று அளப்பதற்கு இத்தாக்கமே பயன்படுகின்றது. அமிலமும் காரமும் சேர்ந்து உப்பும் நீரும் ஆகும் நடுநிலையாக்கலும் இவ்வகையில் அடங்கும்.

5. ஒட்சியேற்றமும் தாழ்த்தலும்

மேற்கூறிய வகைப்பாடு கூறுகளின் அமைப்பு மாற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. இலத்திரன் கைமாறுகின்றதா என்பது வேறோர் அடிப்படை. இலத்திரனை இழத்தல் ஒட்சியேற்றம், பெறுதல் தாழ்த்தல். ஒன்று இழப்பதை இன்னொன்று பெறவேண்டுமாதலின் இவ்விரண்டும் எப்பொழுதும் இணைந்தே நிகழும். இரும்புத் தாதுவிலிருந்து இரும்பைப் பெறுவது இதற்குச் சிறந்த உதாரணம்:

1 இரும்பு ஒட்சைட்டு + 3 காபனோரொட்சைட்டு → 2 இரும்பு + 3 காபனீரொட்சைட்டு

160 கிராம் ஒட்சைட்டும் 84 கிராம் காபனோரொட்சைட்டும் 112 கிராம் இரும்பையும் 132 கிராம் காபனீரொட்சைட்டையும் தருகின்றன. இருபுறமும் 244 கிராம். இரும்பு தாழ்த்தப்படுகின்றது, காபன் ஒட்சியேற்றப்படுகின்றது. இலங்கையின் சமனலவாவிப் பகுதியில், மலைச்சரிவில் வீசும் பருவக்காற்றின் விசையாலேயே இயங்கிய பண்டை இரும்பு உலைகள் அகழ்வாய்வினால் வெளிப்பட்டன. 1996 இல் அவ்வாய்வு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சமன்பாடு எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே உழைக்கும் மக்கள் அத்தாக்கத்தை ஆண்டனர். உழைப்பிற் பிறந்த அறிவைப் பொதுமைப்படுத்திக் கடத்தக்கூடியதாக்கியதே சமன்பாட்டின் பணி.

வகைகள் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதையும் ஈண்டு குறிப்பிடுதல் வேண்டும். ஐதரசன் எரிவது சேர்க்கைத் தாக்கம், அதுவே தகனம், அதுவே ஒட்சியேற்ற - தாழ்த்தல் தாக்கமும் ஆகும். நாகம் செம்பை வெளியேற்றுவதும் இலத்திரன் கைமாறலே. வகைப்பாடு நாம் எந்நோக்கில் பார்க்கின்றோம் என்பதைப் பொறுத்தது. இதனை உணராது, ஒவ்வொரு தாக்கத்துக்கும் ஒரே பெயரை மனனஞ் செய்வது வீண்.

6. விகிதத்தின் ஆட்சி

சமன்பாடு தொழிற்சாலையை எவ்வாறு ஆள்கின்றது என்பதற்குப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை தக்க சான்று. ஆனையிறவு உப்பைக் கொண்டு அங்கு எரிசோடாவும் குளோரீனும் உற்பத்தி செய்யப்பட்டன. உள்நாட்டுப் போர்க் காலத்தில் அவ்வுற்பத்தி நின்றுபோயிற்று. உப்புக் கரைசலை மின்பகுக்கும்போது நிகழ்வது இது:

2 சோடியம் குளோரைட்டு + 2 நீர் → 2 சோடியம் ஐதரொட்சைட்டு + 1 குளோரீன் + 1 ஐதரசன்

117 கிராம் உப்பும் 36 கிராம் நீரும் 80 கிராம் எரிசோடாவையும் 71 கிராம் குளோரீனையும் 2 கிராம் ஐதரசனையும் தருகின்றன. சவர்க்காரத் தொழிலுக்கு எரிசோடா மட்டும் வேண்டும் என்று எவரும் கட்டளையிட முடியாது. 80 கிராம் எரிசோடா வேண்டுமாயின் 71 கிராம் குளோரீனையும் ஏற்றேயாகவேண்டும். அக்குளோரீனுக்குக் குடிநீரைத் தூய்மையாக்குதல் போன்ற பயன் கிடைக்காவிடின், அது வெறும் நச்சுப்பொருள். சந்தையின் கேள்வி மாறலாம். சமன்பாட்டின் விகிதம் மாறாது. ஒரு நாட்டின் இரசாயனத் தொழில்கள் தனித்தனியே அன்றி ஒன்றோடொன்று பிணைத்தே திட்டமிடப்பட வேண்டும் என்பதற்கு இதனை விட வலுவான நியாயம் வேண்டியதில்லை.

7. சமன்பாடு சொல்லாதவை

சமன்பாடு எவை, எவ்வளவு என்பவற்றைக் கூறுகின்றது. எவ்வளவு வேகமாக, எவ்வளவு முழுமையாக, எவ்வளவு வெப்பத்தோடு என்பவற்றை, தனியே குறித்தாலன்றி, அது கூறுவதில்லை.

1 நைதரசன் + 3 ஐதரசன் ⇌ 2 அமோனியா

28 கிராமும் 6 கிராமும் சேர்ந்து 34 கிராம். ஆனால் இரு வாயுக்களையும் சாதாரண வெப்பநிலையிற் கலந்து வைத்தால் அமோனியா உண்டாவதைக் காணமாட்டோம். வெப்பத்தைக் கூட்டினால் வேகம் பெருகும். ஆனால் இது புறவெப்பத் தாக்கமாதலின் சமநிலை பின்னோக்கி நகர்ந்து விளைவு குறையும். 400 முதல் 500 பாகை செல்சியசு வரையான வெப்பநிலை, ஏறத்தாழ 200 வளிமண்டல அமுக்கம், இரும்பு ஊக்கி என்பன இம்முரணைத் தீர்க்கும் இணக்கமாகும். அப்போதும் ஒரு முறை கடக்கையில் வாயுக்களில் ஏறத்தாழ 15 வீதமே மாற்றமடைகின்றது. எஞ்சியது மீண்டும் மீண்டும் சுற்றி அனுப்பப்படுகின்றது. ஏபர் 1909 இல் ஆய்வுகூடத்தில் காட்டியதைப் பொஷ் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். 1913 இல் செருமனியின் ஒப்பாவில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே மூண்ட போரில் அந்த அமோனியா வெடிமருந்துக்கும் பயன்பட்டது. 1915 ஏப்பிரல் 22 இல் பெல்ஜியத்தின் ஈப்பர்ப் போர்முனையில் குளோரீன் வாயு ஏவப்பட்டமைக்கு வழிகாட்டியவரும் ஏபரே. குடிநீரைத் தூய்மையாக்குவதும் மனிதரைக் கொல்வதும் ஒரே குளோரீன். யாருக்காக என்ற கேள்வி சமன்பாட்டினுள் இல்லை. அதனைக் கேட்க வேண்டியது சமுதாயம்.

வெப்பத்தை மறந்தால் நேர்வதைப் போபால் காட்டியது. 1984 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு, அங்குள்ள பூச்சிகொல்லித் தொழிற்சாலையில் மெதையில் ஐசோசயனேற்றுச் சேமித்த தாங்கியினுள் நீர் புகுந்தது:

மெதையில் ஐசோசயனேற்று + நீர் → மெதையிலமைன் + காபனீரொட்சைட்டு

57 கிராமும் 18 கிராமும். மறுபுறம் 31 கிராமும் 44 கிராமும். கணக்குப் பிழையற்றது. ஆனால் இது வெப்பத்தை வெளியிடும் தாக்கம். வெளிவந்த வெப்பம் தாக்கத்தை விரைவுபடுத்தியது, விரைவு மேலும் வெப்பத்தைத் தந்தது, ஏனைய தாக்கங்களும் தொடங்கின, அமுக்கம் உயர்ந்தது. தாங்கியைக் குளிரவைக்கும் பொறி முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. ஏறத்தாழ 40 தொன் நச்சுவாயு உறங்கிக்கொண்டிருந்த மக்கள்மீது பரவ, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தாக்கத்தின் வெப்பம் விஞ்ஞானிகள் அறியாத ஒன்றன்று. அறிந்ததைச் செலவுக் குறைப்பின் பொருட்டு ஒதுக்கிவைத்ததே குற்றம்.

8. வயலும் கிணறும்

இனி, இக்கணக்கை எமது காலடியில் உள்ள ஒன்றுக்குப் பிரயோகிப்போம். அமோனியாவிலிருந்து செய்யப்படும் யூரியா, மண்ணில் நீரோடு தாக்கமுற்று மீண்டும் அமோனியாவைத் தருகின்றது:

1 யூரியா + 1 நீர் → 2 அமோனியா + 1 காபனீரொட்சைட்டு

மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் அமோனியாவை ஒட்சியேற்றி நைத்திரேற்றாக்குகின்றன. பயிர் அதனை உறிஞ்சுகின்றது. 50 கிலோகிராம் யூரியாவில் 46 வீதம், அதாவது 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. நைதரசனின் 14 பங்கு, நைத்திரேற்றின் 62 பங்காகும். ஆகவே ஒரு மூடை யூரியா முற்றாக மாறினால் ஏறத்தாழ 102 கிலோகிராம் நைத்திரேற்றாகும். அதிற் பத்திலொரு பங்கு மட்டும் பயிருக்கு எட்டாது கீழிறங்கியது என்று கொள்வோம். அந்த 10 கிலோகிராம், 2 இலட்சம் லீற்றர் தூய நீரை உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற நிலைக்கு உயர்த்தப் போதுமானது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மக்கள் நிலக்கீழ் நீரையே நம்பி வாழ்கின்றனர். அந்நீரைத் தாங்குவது வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த அதே சுண்ணாம்புக் கல். மேலிட்டது விரைவிற் கீழே செல்லும். தீவிர பயிர்ச்செய்கை நடைபெறும் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மேற்கூறிய எல்லையை மீறியுள்ளதை 1980களிலிருந்து நடைபெற்ற ஆய்வுகள் காட்டியுள்ளன. அதிக நைத்திரேற்றுக் கலந்த நீர், பச்சிளங் குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைக்கக் கூடியது.

இதனைக் கண்டு, இரசாயனப் பசளையே தீது, இயற்கைப் பசளையே நன்று என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் மாட்டெருவிலிருந்தும் மலகூடக் குழியிலிருந்தும் வரும் நைதரசனும் இதே வழியில் நைத்திரேற்றாகிக் கிணற்றை அடைகின்றது. அணுவுக்குப் பூர்வீகம் கிடையாது. மறுபுறத்தில், அறுவடையோடு வயலை விட்டு வெளியேறும் நைதரசனுக்கு ஈடு செய்யாது விட்டால் மண் வறிதாகும். 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, போதிய மாற்று ஏற்பாடின்றியே விவசாயிகளை விட்டபோது, அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் வீழ்ந்தது. அதற்குமுன்பே, நவம்பரில், தடை விலக்கப்பட்டுவிட்டது. கணக்கின்றி இடுவதும் கணக்கின்றித் தடுப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள். முதலாவதின் விலையைக் கிணற்றுநீர் அருந்துவோரும், இரண்டாவதின் விலையைச் சிறு விவசாயிகளும் கொடுத்தனர்.

முடிவுரை

இரசாயனச் சமன்பாடு எமக்குக் கற்பிப்பவற்றைத் தொகுத்துக் கூறுவோம். பொருள் தோன்றுவதுமில்லை, மறைவதுமில்லை. ஆதலின் எதனையும் 'எறிந்துவிட்டோம்' என்று கூறுவதற்கு இடமில்லை, அஃது எங்கோ இருக்கின்றது. விளைவுகளின் விகிதம் எமது விருப்புக்கு உட்பட்டதன்று. சமப்பட்ட சமன்பாடு யாவும் நிகழ்வதில்லை. நிகழ்வனவற்றின் வேகமும் வெப்பமும் தனியே அறியப்பட வேண்டியவை. தாக்க வகைகளின் பெயர்கள் எமது நோக்கைக் குறிப்பன. இயற்கையின் வேலிகள் அல்ல.

1875 இல் சாமுவேல் கிறீன் தமிழில் 'கெமிஸ்தம்' என்ற நூலை வெளியிட்டார். மானிப்பாயில் தமிழ் மொழியிலேயே மருத்துவம் கற்பித்தவர் அவர். இரசாயனம் தமிழில் இயலுமா என்ற வினா அன்றே விடை பெற்றுவிட்டது. இன்று எம்முன் உள்ள வினா வேறு. தமிழிற் கற்ற இரசாயனம் பரீட்சைத் தாளோடு நின்றுவிடுமா, அன்றிச் சூளையின் புகையையும் தொழிற்சாலையின் கழிவையும் கிணற்றின் நீரையும் கணக்குக் கேட்கும் ஆற்றலாக மக்களிடம் சேருமா என்பதே அது. ஒரு தொழிற்சாலையோ திட்டமோ முன்வைக்கப்படும்போது, இடப்புறத்தில் என்ன இடப்படுகின்றது, வலப்புறத்தில் எழுதப்படாது விடப்பட்டது எது, அஃது எவருடைய நிலத்தையும் நீரையும் சென்றடைகின்றது என்று கேட்கத் தெரிந்தவரே சமன்பாட்டைக் கற்றவர் ஆவர்.